ஆர்மோனியப் பெட்டியை என்ன செய்வது?

மாட்டுங்கா வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டிய நாள் ஒரு வழியாக வந்துவிட்டது. கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். மும்பைக்காரர்களுக்கு 'ரீடெவலப்மென்ட்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் செம்பூருக்குக் குடிவந்து பல வருஷம் ஆகிறது. ஆனாலும் சாமான்களில் பாதி அங்கேயேதான் கிடந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறினேன். பித்தளை அண்டா, உடைந்த அரிவாள்மணை, பைண்டு செய்த தொடர்கதைகள், யாருடைய கல்யாணத்துக்கோ வந்த எவர்சில்வர் தட்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால், பழைய வேஷ்டியில் சுற்றி, தாத்தாவின் ஆர்மோனியப் பெட்டி.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றப் போகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

கீழே இறக்கித் தூசி தட்டித் துருத்தியை இழுத்துப் பார்த்தேன். காற்று எல்லாப் பக்கமும் போயிற்று, கட்டைக்குள் மட்டும் போகவில்லை. வெள்ளைக் கட்டைகளில் இரண்டுக்கு மேல்தகடே இல்லை. ஒரு கட்டையை அழுத்தினால் எழும்புவதாக இல்லை. இன்னொன்று தொடாமலே ஈனஸ்வரத்தில் முனகியது. பெட்டிக்குள்ளிருந்து இரண்டு அந்துப்பூச்சி வெளியே பறந்தன.

அன்று ராத்திரியே தொலைபேசியில் குடும்ப மகாநாடு. நங்கநல்லூரில் இருக்கும் பெரிய அத்தை, "ரிப்பேர் பண்ணுடா, எவ்வளவு ஆனாலும் நான் தரேன்" என்றாள். நியூஜெர்சி அண்ணா, மேலே பாலிஷ் போட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் ஜோராக இருக்கும், உள்ளே வேலை செய்யணும் என்று அவசியமில்லை என்றான். தங்கமணி, "வாஷிங் மெஷினுக்கே இடமில்லாம பால்கனியில வெச்சிருக்கோம், இதை எங்க வெக்கப் போறேள்?" என்று நியாயமான கேள்வி ஒன்று கேட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன், படித்தது பி.காம். தேய்மானம் முழுவதும் கழித்தாகிவிட்ட மேஜை, நாற்காலியை எங்கள் ஏட்டில் ஒரு ரூபாய் என்று காட்டுவோம். ஏன் ஒரு ரூபாய்? சைபர் என்று எழுதிவிட்டால் அந்தச் சாமான் இருப்பதே மறந்துபோகும். இந்தப் பெட்டியும் எங்கள் குடும்ப ஏட்டில் இத்தனை நாளாக ஒரு ரூபாய் சாமான். அதற்குச் செலவு செய்யலாமா, எவ்வளவு செய்யலாம், எதில் செய்யக்கூடாது என்று முடிவு செய்வதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் பலர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கும் என்று தெரியும்.

* * *

சின்ன வயதில் எனக்கு இந்தப் பெட்டி மேல் பெரிய மதிப்பு கிடையாது. காரணம், பியானோ. எங்கள் கட்டடத்திலிருந்து ஃபைவ் கார்டன்ஸ் பத்து நிமிஷ நடை, அதைத் தாண்டினால் தாதர் பார்சி காலனி. 1896-இல் பம்பாயில் பிளேக் வந்து ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகு, நெரிசலைக் குறைக்க 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். தாதரும் மாட்டுங்காவும் மனை பிரித்து மரம் நட்டு உருவானது அந்த டிரஸ்டின் திட்டங்களில்தான். தோட்டத்துக்கு அந்தப் பக்கம் பார்சிகள், இந்தப் பக்கம் நாம். சாயங்காலம் அந்தப் பக்க ஜன்னல்களிலிருந்து பியானோ கேட்கும். "நம்மாத்துல ஏன் தாத்தா பியானோ இல்லை?" என்று கேட்டேன். தாத்தா ஒரே வரியில் சொன்னார்: "அது மாடிப்படி ஏறாதுடா."

அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை என்று இப்போது புரிகிறது. நிமிர்ந்து நிற்கும் சாதாரண வீட்டுப் பியானோவே இருநூறு கிலோவுக்குக் குறையாது. உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம், அதில் இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள். எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு பதினைந்து டன்னைத் தாண்டும். அந்த இழுப்பை மரமும் இரும்பும் ராப்பகலாகத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும், சுருதி ஓடும். பியானோ வைத்திருப்பவன் சொந்த வீட்டுக்காரனாக இருக்க வேண்டும், வருஷா வருஷம் சுருதி சேர்க்க ஆள் கூப்பிடுகிறவனாகவும் இருக்க வேண்டும். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்த குடும்பத்துக்கு அது ஆகாது.

ஆர்மோனியம் வேறு ஜாதி. பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும். டிரங்குப் பெட்டியோடு இன்னொரு பெட்டியாக மூன்றாம் வகுப்பு பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஊர்விட்டு ஊர் போகிறவனின் வாத்தியம் அது. சொல்லப்போனால் அதன் கதையே ஊர்விட்டு ஊர் போன கதைதான்.

* * *

பிறந்தது பாரிஸில். அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842-இல் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பித்தளைத் தகட்டில் ஒரு நீள ஓட்டை, அதன் மேல் ஒரு முனை மட்டும் அறைந்த மெல்லிய பித்தளை நாக்கு. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது நாக்கு அதிர்ந்து ஒலிக்கும். இதுதான் ரீட். இந்தத் தத்துவம் சீனாவின் 'ஷெங்' வாத்தியத்தில் மிகப் பழங்காலத்திலேயே உண்டு. தெபேனின் ஆர்மோனியம் மேஜை மாதிரி நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்துக் காற்றடிக்க வேண்டும், இரண்டு கையாலும் வாசிக்க வேண்டும். பாதிரிமாரோடும் துரைமாரோடும் அது இந்தியாவுக்குக் கப்பலேறியது.

இங்கே வந்ததும் அதற்குச் சம்மணம் போட்டு உட்காரக் கற்றுக்கொடுத்தார்கள். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் நடத்திய துவார்கின் கம்பெனி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், காலை எடுத்துவிட்டுத் துருத்தியைப் பின்பக்கம் வைத்துக் கையால் இயக்கும் பெட்டியைச் செய்து பிரபலமாக்கியது. ஒரு கை துருத்திக்குப் போய்விட்டதே என்று வெள்ளைக்காரன் கவலைப்படுவான். அவன் சங்கீதத்தில் பல சுரங்கள் ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டும். நமக்கு ஒரு சுரத்துக்குப் பின் ஒரு சுரம். ஒரு கை தாராளம்.

தமிழ்நாட்டுக்கு அது எப்படி வந்தது என்று பார்த்தால், அதில் நம் பம்பாய்க்கும் பங்கு இருக்கிறது. 1871-இல் பம்பாயிலிருந்து வந்த ரயில் பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தன. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்துப் பார்சி, மராத்தி நாடகக் கம்பெனிகள் படுதா, ஜிகினா, ஆர்மோனியம் சகிதம் தெற்கே வந்து ஆடின. தமிழ் நாடக மேடை அவர்களைப் பார்த்து நிறையக் கற்றுக்கொண்டது. ஒலிபெருக்கி இல்லாத காலம். ஆயிரம் பேருக்கு நடுவில் பாடகன் சுருதி பிடிக்கவும், வசனத்துக்கும் பாட்டுக்கும் நடுவில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளவும் ஆர்மோனியம் போல வேறொன்று கிடைக்கவில்லை. செங்கோட்டை கிட்டப்பா (1906 - 1933) பாடும்போது அவர் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிப்பார். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகங்களில் மேடை ஓரத்தில் உட்கார்ந்து காலால் மிதித்தபடியே வாசித்துப் பின்பாட்டும் பாடும் ஆர்மோனியக்காரர் இன்றைக்கும் உண்டு.

இங்கே மராத்தி மேடையிலும் அதே கதைதான். 1911-இல் அரங்கேறிய 'மானாபமான்' நாடகத்துக்கு இசையமைத்த கோவிந்தராவ் டெம்பே பெரிய ஆர்மோனிய வித்வான். பு.ல. தேஷ்பாண்டேயை எழுத்தாளராகத்தான் நமக்குத் தெரியும். அவரும் ஆர்மோனியத்தில் ரொம்பக் கெட்டிக்காரர்.

* * *

இத்தனை வீட்டில் புகுந்த பெட்டியைப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான் கதையின் அடுத்த பாகம். பாரதியார் சங்கீதம் பற்றி எழுதும்போது ஆர்மோனியத்தை வறுத்தெடுத்திருக்கிறார். ஆனந்த குமாரசாமி, தந்தை வழியில் யாழ்ப்பாணத் தமிழர், அவரும் இது நம் சங்கீதத்துக்குக் கேடு என்றார். அகில இந்திய வானொலியின் டெல்லி நிலையத்தில் மேற்கத்திய இசையைக் கவனித்துவந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் 1938-இல் வானொலிப் பத்திரிகையிலேயே ஆர்மோனியத்தைத் தாக்கிக் கட்டுரை எழுதினார். 1940 ஜனவரியில் தாகூர் கல்கத்தா நிலையத்துக்கு எழுதிய கடிதத்தில் இந்த வாத்தியம் வேண்டாம் என்றார். 1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. அப்போது வானொலியின் தலைவர் லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். சுதேசிகளும் துரைமார்களும் ஒரே பக்கம் நின்ற விஷயங்கள் அதிகம் கிடையாது, இது ஒன்று. வெள்ளைக்காரன் போன பிறகும் தடை போகவில்லை. 1971-இல்தான் தளர ஆரம்பித்தது. முப்பத்தொரு வருஷம்!

அவர்கள் சொன்ன காரணம் தப்பில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், ஆர்மோனியம் 'ரவுண்டிங் ஆஃப்' செய்கிற வாத்தியம். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி, பங்குக்கு நூறு சென்ட் என்று கணக்கு வைக்கிறது. சுத்தமாகப் பாடும் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட்டில் நிற்கும். ஆர்மோனியத்தில் அது 400. பதினாலு சென்ட் என்பது வங்கிக் கணக்கில் தள்ளுபடி. பழகின காதுக்கு அப்படி இல்லை. அதைவிடப் பெரிய குறை கமகம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற சுரமா என்ன? அசைந்தால்தான் அது தோடி. கட்டையை அழுத்தினால் சுரம் நிற்கும், அசையாது. 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டிலேயே சுருதிகள் எத்தனை என்று பலத்த விவாதம். அதில் கலந்துகொள்ளத் தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதர் தன் கணக்குகளோடு போய் வந்தார். அந்தக் கணக்கு எதற்கும் ஆர்மோனியத்தின் பன்னிரண்டு கட்டை போதாது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கச்சேரி மேடையிலிருந்து விரட்டப்பட்ட ஆர்மோனியம் நம் பேச்சை விட்டுப் போகவே இல்லை. "அவருக்கு ஒண்ணரைக் கட்டை", "அந்தம்மா அஞ்சரைக் கட்டை" என்று சொல்கிறோமே, அந்தக் கட்டை எது? ஆர்மோனியக் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்த வெள்ளை இரண்டு, நடுவிலிருக்கும் கறுப்பு ஒன்றரை. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுக் கறுப்பு ஐந்தரை. தம்புராவைத் தவிர வேறெதையும் தொடாத வித்வான்கூடத் தன் குரலை அளந்து சொல்ல இந்தப் பெட்டியைத்தான் நம்பியிருக்கிறார். சுருதிப் பெட்டி என்று நாம் மரியாதையாக வைத்திருந்ததும் கட்டை இல்லாத ஆர்மோனியம்தானே!

வானொலி தடுத்த வருஷங்களில் ஆர்மோனியம் எங்கே இருந்தது? வீட்டில் இருந்தது, பஜனையில் இருந்தது. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜமும் பஜனை சமாஜமும் இருந்தன. பஜனை என்றால் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. 1952-இல் ஷண்முகானந்தா சபா தொடங்கி, 1963-இல் அந்தப் பெரிய அரங்கம் திறந்த பிறகு, பெரிய வித்வான்களைக் கேட்க நம்மவர்கள் அங்கே போனார்கள். தாங்களே பாட வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து பாயை விரித்துப் பெட்டியைத் திறந்தார்கள். அது கேட்பதற்கான சங்கீதம், இது பாடுவதற்கான சங்கீதம். இரண்டாவதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் விமர்சனம் எழுதவில்லை.

* * *

சரி, பெட்டிக்கு வருவோம். நண்பர் ஒருவர் தாராவியில், தொண்ணூறு அடி சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஆர்மோனியம், டோலக் எல்லாம் பழுது பார்க்கும் ஒருவரைச் சொன்னார். மாட்டுங்காவில் இருப்பவனுக்குத் தாராவி என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அவ்வளவுதான் தூரம். ஆனால் நான் மாட்டுங்காவில் வளர்ந்த இருபத்தைந்து வருஷத்தில் அந்தப் பக்கம் போனது விரல் விட்டு எண்ணும் தடவைதான். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். நான் இந்தியில் ஆரம்பித்தேன். அவர் பெட்டியைச் சுற்றியிருந்த வேஷ்டியைப் பார்த்துவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க சார். ஊரு எது?" என்றார். கல்லிடைக்குறிச்சி என்றேன். "நமக்கு பாளையங்கோட்டை பக்கம். அப்பா தோல் கிடங்குக்கு வேலைக்கு வந்தவரு" என்றார். அதற்கப்புறம் 'சார்' ஒரு பக்கம், 'அண்ணாச்சி' ஒரு பக்கம் என்று பேச்சு ஓடியது.

அவர் ஸ்குரூக்களைக் கழற்றிப் பெட்டியை மலர்த்திப் போட்டார். என் வாழ்நாளில் முதல் தடவையாக அதன் உள்பக்கத்தைப் பார்த்தேன். முப்பத்தேழு கட்டை, கட்டைக்கு இரண்டு ரீட், ஆக எழுபத்துநாலு பித்தளை நாக்குகள் வரிசையாக. ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் காற்றை அடைக்கும் சின்ன மூடி, மூடியின் முகத்தில் தோல். துருத்தியின் மடிப்புகளில், மூலைகளில், எல்லாம் தோல். "ரீடுக்கு ஒண்ணும் ஆவல சார், நல்ல பாரிஸ் ரீடு. தோலுதான் செத்துப் போச்சு. காய்ஞ்சு அட்டை மாதிரி ஆயிட்டு. அதான் காத்து நிக்க மாட்டேங்கு."

ஆட்டுத்தோல். மெல்லியதாகச் சீவிப் பதப்படுத்தியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தாராவியில் தோல் பதனிடும் கிடங்குகள் வந்தன. பாந்திராவில் இறைச்சிக்கூடம் இருந்ததால் தோல் கிடைப்பது சுலபம். அந்த வேலைக்கு வந்தவர்களில் நிறையப் பேர் நம் திருநெல்வேலிச் சீமையின் ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும். 1971-இல் இறைச்சிக்கூடம் செம்பூரை அடுத்த தேவனாருக்குப் போனது. பதனிடும் வேலையும் பிறகு தாராவியைவிட்டுப் பெரும்பாலும் வெளியே போய்விட்டது. தோல் பை, பெல்ட் தைக்கும் தொழில் மட்டும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் தாத்தா ஆசாரம் பார்ப்பவர். தோல் செருப்பு வாசலுக்கு உள்ளே வராது. ஆனால் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி மூச்சு விட்டதே தோலால்தான். மிருதங்கமும் அப்படித்தானே? ரயில் பாதைக்கு இந்தப் பக்கத்து பஜனைக்கு அந்தப் பக்கத்துக் கையும் தேவைப்பட்டிருக்கிறது. பெட்டியைத் திறந்து பார்க்காததால் யாரும் அதைப் பேசவில்லை.

அண்ணாச்சி மூன்று வழி சொன்னார். ஒன்று, துருத்தித் தோல், மூடித் தோல், ஸ்பிரிங் மட்டும் மாற்றிச் சுத்தம் செய்வது. இரண்டு, கட்டைகள், ரீடுகள் எல்லாமே புதுசாகப் போடுவது. குஜராத்தில் பாலிதானா ரீடுக்குப் பேர்போன ஊர், அங்கிருந்து வரவழைக்கலாம். மூன்று, மேலே மட்டும் பாலிஷ். நியூஜெர்சி அண்ணா கேட்டது.

"பழைய ரீடையே வெச்சுக்கிட்டு, இந்தக் காலத்து சுருதிக்கு ஏத்திக் குடுக்க முடியுமா?" என்று கேட்டேன். என் பெண் பாட்டு கற்றுக்கொள்கிறாள். அவளிடம் செல்போனில் சுருதி பார்க்கும் செயலி ஒன்று உண்டு. அதில் வைத்துப் பார்த்தபோது பெட்டி சுமார் இருபது சென்ட் இறங்கியிருந்தது. 1859-இல் பிரான்ஸ் தன் சுருதியை வினாடிக்கு 435 அதிர்வு என்று நிர்ணயித்தது. 440 என்று உலகம் ஒத்துக்கொண்டது 1939 மாநாட்டில். இரண்டுக்கும் வித்தியாசம் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதே இருபது சென்ட்தான் வருகிறது! காரணம் அதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. வயதானாலும் ரீட் இறங்கும்.

"ஏத்தலாம் சார். நாக்கு நுனியில சொரண்டுனா சுருதி ஏறும், அடியில சொரண்டுனா இறங்கும். ஆனா சொரண்டுன பித்தளைய திரும்ப ஒட்ட முடியாது, பாத்துக்கிடுங்க."

அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். கட்டைகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "வீட்டுல யாரு வாசிப்பாங்க சார்?" என்றார். தாத்தா என்றேன். "பொம்பளைங்க யாரும் வாசிக்கலியா?" இல்லை என்றேன். "அப்படியா? ஆம்பளைங்க வாசிச்ச பெட்டின்னா ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டு, இதைச் சட்சமா வெச்சு அதுக்குத் தக்கன தேயும். இது பாருங்க, அஞ்சரையும், அங்கிருந்து மேல போற கட்டைகளும்தான் வழுவழுன்னு இருக்கு. மத்தது புதுசு மாதிரி கிடக்கு. இது பொம்பளைக் குரலுக்கு வாசிச்ச பெட்டி."

* * *

அன்று ராத்திரி அத்தையைக் கூப்பிட்டேன். அத்தைக்கு எண்பத்தொன்று. அப்பாவுக்கு அக்கா.

"ஆமாம், அம்மாதான் வாசிப்பா" என்றாள், இதென்ன கேள்வி என்பது போல. "ஆம்பளைகள் ஆபீஸ் போவா, இவாள்லாம் ஸ்கூல் போவா. மத்தியானம் எதிராத்து மாமி, மேலாத்து மாமின்னு நாலஞ்சு பேர் வருவா. அம்மா வாசிப்பா, எல்லாருமாப் பாடுவா. நாலு மணிக்குப் பெட்டியை மூடிட்டுக் காபிக்குத் தண்ணி வெச்சுடுவா."

"தாத்தாவோட பெட்டின்னுதானே எல்லாரும் சொல்றோம்?"

"வாங்கினது அப்பா. சோர் பஜார்ல பழசா வாங்கிண்டு வந்தார். வாங்கினது அவளுக்குத்தான். கல்லிடைக்குறிச்சியில பொண்ணு பார்க்க வந்தப்போ அம்மா ஆர்மோனியம் வாசிச்சுண்டு பாடினாளாம். இங்க வந்தப்புறம் அது இல்லாம அவ முகம் வாடிப் போச்சுன்னு வாங்கிண்டு வந்தார். பஜனையில எப்பவாவது அப்பா தொடுவார், ரெண்டு கட்டை அழுத்துவார். அவ்வளவுதான்."

"ஏன் எங்ககிட்ட யாரும் சொல்லல்லே? ஒளிச்சு வெச்சாளா?"

"ஒளிக்கல்லாம் இல்லைடா. யாரும் கேக்கல்லே, அவ சொல்லல்லே."

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நான் ஸ்கூல்லேர்ந்து வரப்போ பெட்டி மேல போட்டிருக்கிற துணி காலம்பற மாதிரி இருக்காது. நான் பூனைன்னு நெனைச்சுண்டிருந்தேன்" என்றார்.

டி.கே. பட்டம்மாள் போன்றவர்கள் 1930களில் மேடை ஏறியபோது, குடும்பப் பெண் சபையில் உட்கார்ந்து பாடலாமா என்பதே பெரிய கேள்வி. அவர்கள் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் பெண் பார்க்கும் படலத்துக்காக ஆர்மோனியம் கற்றுக்கொண்டு, கல்யாணமானதும் ரயிலேறி வந்து, மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை மட்டும் வாசித்தவர்கள் எத்தனை பேர்? ஒலித்தட்டு கிடையாது, புகைப்படம் கிடையாது, சபா நோட்டீஸ் கிடையாது. எங்கள் வீட்டில் பாட்டிக்கு மிஞ்சிய ஒரே தஸ்தாவேஜு தேய்ந்த கட்டைகள்தான். இரண்டாவது வழியில் போயிருந்தால் பழைய கட்டைகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டியிருப்பேன். கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் கிழித்துவிட்டு நல்ல காகிதத்தில் நகல் எடுத்த கதையாகியிருக்கும்.

* * *

ஆகவே முடிவு சுலபமாயிற்று. பி.காம் முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: ஒரு சாமானைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு வேறு, அதை இன்னொரு சாமானாக மாற்றும் செலவு வேறு, இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதக்கூடாது. தோல் போனால் தோல் போடலாம். அது தேய்ந்து போவதற்கென்றே இருப்பது, நாளைக்கு இன்னொருவர் மறுபடி மாற்றலாம். கட்டையையும் ரீடையும் தொடுவது திரும்ப முடியாத செலவு. துருத்தி, மூடித் தோல், ஸ்பிரிங் மட்டும் மாற்றச் சொன்னேன். மேல்தகடு போன இரண்டு கட்டைக்கு மட்டும் பழசிலிருந்து எடுத்த தகடு ஒட்டினார். தேய்ந்த கட்டைகளைத் தேய்ந்தபடியே விட்டார். ரீடுகளைத் தூசி தட்டினார், சுரண்டவில்லை. பாலிஷும் வேண்டாம் என்றேன். மொத்தச் செலவு புதுப் பெட்டி விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. அத்தை கொடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்துப் பணம் அனுப்பிவிட்டாள். நியூஜெர்சி அண்ணாவுக்குக் கட்டைகளின் படம் எடுத்து அனுப்பினேன். அவன் அதற்கப்புறம் கண்ணாடி அலமாரிப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாப் பெட்டியையும் சரி செய்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வாசிக்க ஆளில்லை, வைக்க இடமில்லை என்றால் ஒரு பஜனை மண்டலிக்கோ, கற்றுக்கொள்ளும் குழந்தைக்கோ கொடுத்துவிடலாம், அது பெட்டிக்கு மரியாதைதான். கொடுப்பதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். எந்தக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். எங்கள் அத்தை இன்னும் பத்து வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் அவளிடம் நான் இதைக் கேட்க எனக்கு நாற்பத்தைந்து வயதாகியிருக்கிறது.

அண்ணாச்சி பெட்டியைக் கொண்டுவந்து தன் கையாலேயே செம்பூர் வீட்டுக் கூடத்தில் இறக்கினார். தங்கமணி காபி கொடுத்தாள். தாராவியையும் இடித்துக் கட்டப் போகிறார்களே, கடை என்னவாகும் என்று கேட்டேன். "சாமானைத் தூக்கிட்டுப் போற எடத்துல போடுவோம் சார். எங்கப்பா வரும்போது கையில இருந்ததைவிட இப்ப கூடத்தான இருக்கு" என்று சிரித்தார்.

வாஷிங் மெஷின் இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது :-) பெட்டி கூடத்தில், ஜன்னல் ஈரம் படாத மூலையில். போன சனிக்கிழமை மத்தியானம் பெண் அதன் முன்னால் உட்கார்ந்து ஐந்தரைக் கட்டையை அழுத்தி ஸா பிடித்தாள். உடனே நிறுத்திவிட்டு, "அப்பா, சுருதி கொஞ்சம் கீழ இருக்கு" என்றாள்.

"அப்படியே பாடு. கொள்ளுப்பாட்டியும் அங்கேதான் பாடினா" என்றார் என் அப்பா.

பாடினாள்.